பராக்கா, வலிப்பா?

சொல்வதெழுதுதல் நோட்டில் ஒரு வாக்கியம் ஒழுங்காகத் தொடங்கியிருக்கும். நடுவில் மூன்று சொற்களைக் காணோம். பென்சில் கோடு ஒன்று சும்மா கீழே இழுபட்டிருக்கும். அதற்கப்புறம் டீச்சர் படித்த அடுத்த வரி, பிழையே இல்லாமல். இந்த நோட்டைப் பார்த்ததும் ‘பராக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்’ என்று முதுகில் ஒன்று வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அந்த இடைவெளியில் பிள்ளைக்கு வலிப்பு வந்து போயிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வலிப்பென்றால் கீழே விழ வேண்டும், கைகால் இழுக்க வேண்டும், நுரை தள்ள வேண்டும், யாராவது ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டும். (சாவி எந்த வலிப்பையும் நிறுத்தியதில்லை. வலிப்பு தானாக நின்றபோது சாவி கையில் இருந்தது, அவ்வளவுதான்.)

ஆப்சென்ஸ் என்றொரு வகை வலிப்பில் இவை எதுவும் கிடையாது. பெரும்பாலும் 4 வயதிலிருந்து 10 வயதுக்குள் தொடங்கும். பேசிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருக்கும் பிள்ளை திடீரென்று நின்றுபோகும். பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும், இமை லேசாகத் துடிக்கும், சில நேரம் வாய் சப்புக்கொட்டும். பத்து, பதினைந்து நொடியில் விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் போனது அதற்கே தெரியாது. ஒரே நாளில் பல பத்து முறைகூட வரலாம். பராக்குப் பார்க்கிற பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பிவிடும். இந்தப் பிள்ளை திரும்பாது.

மூளையின் நடுவே உள்ள தலாமஸ் வழியாகத்தான் கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்திகள் மேலே உள்ள புறணிக்குப் போகின்றன. புறணியும் கீழே பதில் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தப் போக்குவரத்து ஒரே தாளத்தில் சிக்கிக்கொண்டால் நினைவு அறுந்துபோகிறது. நொடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையுமாக அது மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் விழுவதை 1935-லேயே அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும் காட்டிவிட்டார்கள். எங்கே தொடங்குகிறது, ஏன் சிக்குகிறது என்று பார்க்கப் பிள்ளைகளின் தலைக்குள் மின்கம்பி விட முடியாதே. அந்த வேலைக்கு எலிகள் வந்தன. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் கேயர்ஸ் என்ற இனமும், நெதர்லாந்தில் இன்னோர் இனமும் பிறவியிலேயே இந்த வலிப்புள்ளவை. ஓடிக்கொண்டிருக்கும் எலி அப்படியே உறைந்து நிற்கும், மீசை மட்டும் துடிக்கும். 2002-ல் ஹன்னேகே மீரன் குழு நெதர்லாந்து எலிகளை ஆராய்ந்தபோது, புறணியில் வாய், மூக்குப் பகுதியின் உணர்ச்சியை வாங்கும் இடத்தில் தாளம் தொடங்கி, பிறகு தலாமஸைச் சேர்த்து இழுத்துக்கொள்வது தெரிந்தது. தலாமஸ் செல்களில் டி-வகைக் கால்சியம் வாயில்கள் இருக்கின்றன. மதகு திறந்ததும் பாய்கிற தண்ணீர்போல், அவை திறக்கும்போது செல் வெடிப்பு வெடிப்பாக மின்துடிப்பை அனுப்பும். எத்தோசக்ஸிமைடு என்ற பழைய மருந்து பெரும்பாலும் அந்த வாயில்களைத்தான் அடக்குகிறது. எலியே பிள்ளையாகிவிடாது என்பதும் உண்மை. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் வளர்ந்ததும் இது விட்டுப்போகிறது; எலிகளுக்கோ வயது ஏற ஏறக் கூடுகிறது.

இந்த ஆராய்ச்சி நம் வீட்டு மருந்துப் பெட்டிவரை வருகிறது. கார்பமஸபைன், ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகள் மற்ற சில வலிப்புகளுக்கு நல்ல மருந்து. ஆப்சென்ஸ் வலிப்பை அவை கூட்டிவிடக்கூடும். கேயர்ஸ் எலிகளிலும் இதே கதைதான். ஆகவே தாத்தாவின் வலிப்பு மாத்திரையில் பாதியை உடைத்துப் பேரனுக்குக் கொடுக்கிற காரியம் வேண்டாம். இந்த வலிப்புக்கு எத்தோசக்ஸிமைடும் வால்புரோயேட்டும் நன்றாகக் கேட்கும் என்று 2010-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது; கவனக் குறைவு எத்தோசக்ஸிமைடில் குறைவு. பெண் பிள்ளை என்றால் வால்புரோயேட் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பின்னாளில் கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டால் நூற்றில் பத்துக் குழந்தைகள்வரை பிறவிக் குறையோடு பிறக்கின்றன. எந்த மருந்தானாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மருத்துவர் பிள்ளையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார். மருந்து தொடங்காத பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவர் கண்முன்னாலேயே வந்துவிடும். பிறகு இ.இ.ஜி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால் நோயில்லை என்று அர்த்தமில்லை. செல்போனில் எடுத்த அரை நிமிட வீடியோ இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தஞ்சாவூர்க்காரர்களுக்கு ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டப்படி, அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிகளுக்கு இரு முறையும் மருத்துவக் குழு வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் வலிப்பும் உண்டு. குழு வந்த அன்று டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடி விஷயத்துக்கு வருகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் ஒருசேரத் தடை செய்கிறது. மீறுகிறவர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை உண்டு. பிரிவு 16-ன்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது. ‘வலிப்புப் பிள்ளையா, டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்’ என்றால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். ‘நாளைக்குக் கல்யாணம் ஆகுமா’ என்று பயந்து நோயை மூடி மறைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு என்ற சொல்லை 1999-லேயே நீக்கிவிட்டார்கள்.

எனக்குப் பெரிய பயம் தண்ணீர்தான். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தால் சில நாளில் கல்லணை தாண்டி வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், ஊர் வாய்க்கால் எல்லாம் ஓடத் தொடங்கிவிடும். பிள்ளைகள் பள்ளி விட்டதும் படித்துறையில். வகுப்பில் வந்தால் மூன்று சொல் போகும். இடுப்பளவு தண்ணீரில் வந்தால் உயிரே போகும். நீச்சல் தெரியும் என்பது அந்தப் பதினைந்து நொடிக்குச் செல்லாது. குளத்திலும் கிணற்றடியிலும் அதே கதைதான். வலிப்பு முழுசாக அடங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை, பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு பெரிய ஆள் இல்லாமல் இந்தப் பிள்ளைகளை ஆற்றுக்கு அனுப்பாதீர்கள்.