மாலை ஐந்து மணி வயலின்

பக்கவாதத்தால் வலக்கையும் பேச்சும் தளர்ந்த கணவரை வாரம் இருமுறை எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அழைத்து வரும் அம்மையார் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு நாள் தம் இடத் தோளைத் தேய்த்துக்கொண்டே அமர்ந்திருந்தார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குக் கணவரை மாற்றும்போது வந்த வலி என்றே கருதினோம்; பராமரிப்பாளர்களிடம் நாங்கள் அதிகம் காண்பது அதுதான். விசாரித்தபோது தலையைத் தாழ்த்திக்கொண்டு, "வயலின் கற்றுக்கொள்கிறேன், எட்டு மாதமாக" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்பவரின் குரல் அது.

அவருக்கு வயது 54. மாலை ஐந்து முதல் ஆறு வரை மகள் தந்தையின் அருகில் இருப்பார். அந்த ஒரு மணி நேரந்தான் வயலினுக்கு. "வீட்டில் ஒருவர் இப்படிக் கிடக்கையில் இவளுக்குப் பாட்டு வேண்டியிருக்கிறதாக்கும்" என்று உறவினர் ஒருவர் சொன்ன சொல் அவர் மனத்தில் முள்ளாகத் தங்கியிருந்தது. அந்த உறவினரோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். நாள் முழுவதும் மருந்து வேளையையும் படுக்கைப் புண்ணையும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு ஒரு மணி நேரமேனும் வேறு எண்ணம் வேண்டும். அது நோயாளியிடமிருந்து திருடிய நேரமன்று.

பள்ளித் தோழியர் ஆண்டுதோறும் கூடும் விருந்துக்கு இரண்டு ஆண்டுகளாக அவரால் செல்ல முடியவில்லை. எனவே இம்முறை தோழியர் அறுவரும் அவர் வீட்டுக்கே வருவதென முடிவு செய்தார்கள். வயலின் செய்தியும் எப்படியோ கசிந்துவிட்டது. ஒன்று வாசித்துக் காட்டியே தீர வேண்டும் என்று தோழியர் கூற, இவரும் துணிந்து ஒப்புக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் இடைவிடாத சாதகம். தோள் வலியின் காரணம் அதுவே.

வயலினைக் கொண்டுவரச் சொல்லி, வாசிக்கும்போது கவனித்தோம். நம் முறையில் தரையில் சம்மணமிட்டு, வயலினின் ஒரு முனை இடத் தோளருகே மார்பிலும், மறுமுனை வலக் கணுக்கால் மீதும் பொருந்துமாறு அமர வேண்டும். இவரோ விரல்களைப் பார்க்கும் ஆவலில் கழுத்தை வளைத்து, இடத் தோளைக் காதுவரை உயர்த்தியிருந்தார். சற்றே உயரமான மணையில் அமர்த்தினோம். எதிரே ஒரு கண்ணாடியை வைத்தோம். ஒரே மூச்சாக வாசிப்பதை விடுத்து, இருபது நிமிடம் வாசித்தபின் சிறிது ஓய்வு என்று பிரித்துக்கொடுத்தோம். நீரிழிவால் விரல் நுனிகள் மரத்துப்போனவர்கள் கம்பி வாத்தியம் பழகினால், நாள்தோறும் விரல்களில் கீறலோ கொப்புளமோ உள்ளதா எனப் பார்த்துக்கொள்வதும் அவசியம். இவருக்கு அந்தக் குறை இல்லை.

அச்சத்துக்கு என்ன செய்வது? படபடப்பின்போது சுரக்கும் அட்ரினலின் கையை நடுங்கச் செய்யும். வயலினில் அந்த நடுக்கம் வில் வழியே அப்படியே ஒலியாகிவிடும். "இதற்கொரு மாத்திரை உண்டாமே?" என்று கேட்டார். புரோப்ரனலால் என்னும் மருந்தைத்தான் குறிப்பிட்டார். அது இதயத் துடிப்பைக் குறைப்பது; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய்களை இறுக்கிவிடக்கூடியது. இவரோ ஆஸ்துமாவுக்காக இன்ஹேலர் பயன்படுத்துபவர். கூடாது என்று மருத்துவர் உறுதியாகக் கூறிவிட்டார். மாறாக, மூச்சை மெல்ல நீளமாக வெளிவிட்டுக்கொண்டே, விரல் வைக்காத கம்பியில் முழு வில்லையும் இழுத்துப் பழகினார். விருந்துக்கு உடுத்தவிருந்த புடவையிலேயே, பக்கத்து வீட்டுப் பாட்டியார் முன்பு இருமுறை வாசித்தும் பார்த்தார்.

ஆசிரியை தேர்ந்தது முத்துசுவாமி தீட்சிதரின் 'சக்தி ஸஹித கணபதிம்' என்னும் நோட்டுஸ்வரம். சங்கராபரண ஸ்வரங்களில் மேனாட்டு மெட்டின் சாயலில் அமைந்தது; கமகங்களின் தொல்லை இல்லாததால் தொடக்க நிலையினருக்கு ஏற்றது. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குப் பழக்கியவர்களில் முன்னோடி. தம்பியின் வாத்தியத்தில் அண்ணனின் பாட்டு என்பதில் இவருக்குத் தனி மகிழ்ச்சி.

இதற்கிடையே வீட்டில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அபஸ்வரம் விழும்போதெல்லாம் கணவர் முகத்தைச் சுளித்தார். முதலில் அம்மையார் வருந்தினார். பேச்சுப் பயிற்சியாளரோ மகிழ்ந்தார்: பேச இயலாதவர் கூர்ந்து கேட்கிறார், பிழையைப் பிரித்தறிகிறார், கருத்தும் தெரிவிக்கிறார்! அதன்பின் சாதகம் கணவரின் நாற்காலிக்கு எதிரிலேயே நடந்தது.

விருந்தன்று வில் நடுங்கத்தான் செய்தது. முதல் இரண்டு வரிகளைத் தாண்டிவிட்டார். மூன்றாவதில் கணவரின் முகம் சுளித்தது. விரல் சரியான இடத்தில்தானே இருக்கிறது என்று குழம்பி வில்லை நிறுத்திப் பார்த்தால், பிருடை நழுவிக் கம்பி தளர்ந்திருந்தது. அவருக்குக் கேட்குமுன் கணவருக்குக் கேட்டிருக்கிறது! தோழியர் பொறுமையாகக் காத்திருக்க, சுருதிப் பெட்டியோடு கம்பியைச் சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை விரல்களைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு கடைசி வரை வாசித்து முடித்தார்.

"ஒருமுறைகூடச் சுளிக்கவில்லையா?" என்று கேட்டோம்.

"இரண்டு முறை" என்றார் சிரித்துக்கொண்டே. "இரண்டுமே நியாயம்."

கணவர் நாற்காலியிலிருந்தபடி இடக்கையை உயர்த்தி, மூன்று விரல்களைக் காட்டினார்.