கீச்சுக்குரல் என்று கேலி செய்யாதீர்கள்!

சுதந்திர தின விழாக்களில் நீங்களும் கவனித்திருப்பீர்கள். கொடி ஏறும் வரை கலகலவென்று பேசிக் கொண்டிருக்கும் நம் பெண்கள், தேசிய கீதம் ஆரம்பித்ததும் உதட்டை மட்டும் அசைப்பார்கள். குரல் தனியாகக் கேட்டுவிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம்!

இந்தக் கூச்சத்தைப் பிள்ளைகளுக்கும் ஊட்டி விடுகிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இயல்பிலேயே உச்சஸ்தாயிக் குரல். பள்ளி விழாவில் தேசிய கீதம் பாடத் தேர்ந்தெடுத்தார்கள். ஒத்திகையில் யாரோ, 'என்னடி, கீச்சுகீச்சுனு கத்துறே'ன்னு சிரிக்க, 'இனிமே நான் பாடவே மாட்டேம்மா' என்று அழுது கொண்டே வந்தாள். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அவ்வளவு சத்தம்?' என்றார் உறவுக்காரப் பெரியவர் ஒருவர். எனக்கு வயிறு எரிந்தது.

சின்ன வயதில் கொஞ்ச காலம் பாட்டு கற்றவள் நான். மகளை உட்கார வைத்துப் பாடச் சொன்னேன். குறை குரலில் இல்லை, சுருதி எடுப்பதில்தான்! நம் தேசிய கீதம் கீழ் நிஷாதத்தைத் தொட்டு, முடிவில் வெற்றி முழக்கம் வரும் இடத்தில் மேல் ஷட்ஜம் வரை ஏறுகிறது. ஆரம்பத்தையே உயரத்தில் எடுத்தால் கடைசியில் கத்தத்தான் வேண்டும். ரொம்பத் தாழ்வாக எடுத்தாலோ, இறங்கும் இடத்தில் குரல் வெறும் காற்றாகிவிடும். அதனால் முதலில் அந்த உச்சியைப் பாட வைத்தேன். சிரமமில்லாமல் நிற்கும் இடத்தைப் பிடித்த பிறகு, அங்கிருந்து இறங்கி ஆரம்பத்துக்கு வரச் சொன்னேன். வயிறு நிறைய மூச்செடுத்து, வாயை நன்றாகத் திறந்து, வரி முடிகிற இடத்தில் மட்டும் மூச்சு வாங்கப் பழக்கினேன். அர்த்தத்தையும் சொல்லிக் கொடுத்தேன். முழுப் பாட்டும் சுமார் 52 விநாடிதானே! பத்தே நாளில் கணீரென்று வந்துவிட்டது. விழாவில் அவள்தான் முதல் குரல் எடுத்தாள். ஆண்கள் கீழ்ஸ்தாயியில் சேர்ந்து கொண்டார்கள்.

அவளுக்குத் தைரியம் வர நான் சொன்ன ஒரு விஷயத்தை உங்களுக்கும் சொல்கிறேன். தாகூர் எழுதிய இந்தப் பாட்டு, 1911 டிசம்பர் 27ம் தேதி கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் முதன்முதலில் பாடப்பட்டது. 1919ல் அவர் ஆந்திராவின் மதனப்பள்ளியில் வந்து தங்கியபோது, அங்கிருந்த மார்கரெட் கசின்ஸ் என்ற அயர்லாந்து நாட்டுப் பெண்மணி, மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதி வைத்தார். 1927ல் அகில இந்திய மகளிர் மாநாடு தொடங்கப் பாடுபட்டவரும் இவரே. 1950 ஜனவரி 24ல் தேசிய கீதமாக ஏற்கப்பட்ட பாட்டின் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பும் இருக்கும்போது, பெண் குரல் அதில் ஓங்கினால் என்ன தப்பு?

தமிழ்த்தாய் வாழ்த்தைக்கூட, இசைத்தட்டு போடாமல் பயிற்சி பெற்றவர்களே பாட வேண்டும் என்று 2021ல் தமிழக அரசு உத்தரவிட்டது. அப்படியானால் ஊருக்கு ஊர் பாடத் தெரிந்த குரல்கள் வேண்டும் அல்லவா?

தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989ல் முதலில் காலெடுத்து வைத்தது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். கையெழுத்துப் போடவே தயங்கிய பெண்கள், இன்று பேங்க் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து கணக்குப் பேசுகிறார்கள். கடன் கேட்க வரும் குரல், கொடியின் முன்னால் மட்டும் ஏன் அடங்க வேண்டும்?

தாய்மார்களே, உங்கள் பெண்ணுக்கு மெல்லிய, உயர்ந்த குரல் இருந்தால் 'கத்தாதே' என்று அடக்காதீர்கள். சுருதியைக் காட்டிக் கொடுத்து, 'நல்லா வாய் தொறந்து பாடு கண்ணு' என்று சொல்லுங்கள். அடுத்த குடியரசு தினத்தில் அவளோடு சேர்ந்து நீங்களும் பாடுங்கள்.

என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்.