கலர் போனா சத்தும் போச்சு!

சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவு... அரைக்கும் முன், வாங்கும் முன் கொஞ்சம் கவனிங்க!

பொங்கல் வந்தால் கரும்பு, மஞ்சள்கொத்தோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வீட்டுக்குள் வந்துவிடும். (தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இது சீனிக்கிழங்கு!) வேகவைத்துச் சாப்பிட்டது போக மிச்சம் கூடையில் கிடந்து முளைவிடும். ‘வீணாக்குவானேன்... காயவெச்சு மாவாக்கிட்டா வருஷம் பூரா ஆகுமே’ என்று நினைப்பவர்கள் உண்டு. கைக்குழந்தை உள்ள வீடுகளில், கஞ்சி காய்ச்சுவதற்கென்றே கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறவர்களும் உண்டு.

நல்ல விஷயம்தான். ஆனால், கிழங்கில் இருந்த சத்தெல்லாம் மாவிலும் அப்படியே இருக்குமா? சிலது இருக்கும். சிலது பாதி வழியிலேயே காணாமல் போய்விடும். எது, எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம்.

உள்ளே என்ன நிறம்?

பச்சைக் கிழங்கில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. கூடவே நார்ச்சத்து, பொட்டாசியம், கொஞ்சம் வைட்டமின் ‘சி’, பி வைட்டமின்கள். புரதம் ரொம்பக் கம்மி.

இந்தக் கிழங்கு பேர் வாங்கியதே ‘பீட்டா கரோட்டின்’ என்கிற ஆரஞ்சு நிறப் பொருளால்தான். நம் உடம்பு இதைத்தான் வைட்டமின் ‘ஏ’-யாக மாற்றிக்கொள்கிறது. வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் குழந்தைக்கு மாலைக்கண் வரும். நோய் எதிர்ப்பு சக்தியும் குறையும்.

ஆனால், எல்லாக் கிழங்கிலும் இது இருக்கிறதா என்றால், இல்லை! தோல் சிவப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீங்க. வெட்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாக இருந்தால் பீட்டா கரோட்டின் பேருக்குத்தான். ஆரஞ்சாக இருந்தால்தான் விசேஷம். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ‘பூ சோனா’ ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. சாதாரண ரகங்களில் 2, 3 மில்லிகிராம்தான். வெள்ளைக் கிழங்கை எவ்வளவு பக்குவமாக மாவாக்கினாலும், இல்லாத சத்து எங்கிருந்து வரும்?

ஒவ்வொரு படியிலும் ஒரு நஷ்டம்

தோல் சீவும்போது, தோலும் அதை ஒட்டிய பகுதியில் உள்ள நார்ச்சத்தும் போகிறது. வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் வைட்டமின் ‘சி’, பி வைட்டமின்கள், பொட்டாசியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். தாது உப்புகள் சூட்டில் அழியாது. ஆனால், நீங்கள் கொட்டும் தண்ணீரோடு போய்விடும்!

வெட்டிய துண்டுகள் கறுக்காமல் இருக்க, சில தயாரிப்பாளர்கள் கே.எம்.எஸ். கரைசலில் நனைக்கிறார்கள். ஸ்குவாஷ் கெடாமல் இருக்கப் போடுவோமே, அதேதான். மாவு பளிச்சென்று இருக்கும். ஆனால், இது வைட்டமின் ‘பி1’-ஐ அழித்துவிடும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளவும் செய்யாது. கறுக்காமல் இருக்க இன்னொரு வழி இருக்கிறது. சில நிமிடம் ஆவியில் காட்டினாலே போதும். நிறத்தை மாற்றும் நொதிகள் அடங்கிவிடும்.

அடுத்து காயவைப்பது. வைட்டமின் ‘சி’ இங்கேதான் பெரிதாக அடிபடும். பீட்டா கரோட்டினுக்கு மூன்று எதிரிகள்... சூடு, வெளிச்சம், காற்று. மொட்டை மாடியில் சுள்ளென்ற வெயிலில் நாள்கணக்கில் போட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் தாக்கும்.

பெரிய திருட்டு டப்பாவுக்குள்!

காயவைப்பதில்தான் சத்தெல்லாம் போகிறது என்றுதானே நினைக்கிறீங்க? அதைவிடப் பெரிய நஷ்டம் அதற்குப் பிறகு!

ஆப்பிரிக்காவில் வைட்டமின் ‘ஏ’ குறைவால் தவிக்கும் குழந்தைகளுக்காக ஆரஞ்சுக் கிழங்கைப் பெரிய அளவில் பரப்பினார்கள். உகாண்டாவைச் சேர்ந்த ராபர்ட் முவாங்கா உட்பட மூன்று விஞ்ஞானிகளுக்கு, இந்தப் பணிக்காக 2016-ல் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. அதே உகாண்டாவில் காய்ந்த கிழங்குத் துண்டுகளைச் சாதாரண அறை வெப்பத்தில் 4 மாதம் வைத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழ 70 சதவீத கரோட்டின் காணோம்! காயவைத்தபோது போனதைவிட, சும்மா வைத்திருந்தபோது போனதுதான் அதிகம்.

ஆக, ‘வருஷம் பூரா ஆகும்’ என்று டப்பா நிறைய அரைத்து வைத்தால், மாவு இருக்கும், வயிறும் நிறையும். கண்ணுக்கான சத்து இருக்காது. இதற்கு அடையாளமும் கண்ணெதிரே இருக்கு... ஆரஞ்சு மாவு வெளுத்துக்கொண்டே வந்தால், சத்தும் போய்க்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

லாபமும் உண்டு!

பக்குவப்படுத்துவது என்றாலே நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பச்சைக் கிழங்கில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. நன்றாக வேகும்போது அது பெருமளவு செயலிழந்துவிடும். வெந்து மசியும்போது கிழங்கின் செல்சுவர்கள் உடைவதால், பீட்டா கரோட்டினை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஆனால், அது கொழுப்பில் கரையும் சத்து. அதனால் கஞ்சியில் அரை ஸ்பூன் நெய் விடுவது ருசிக்கு மட்டுமல்ல, சத்து உடம்பில் சேரவும்தான்.

சர்க்கரை நோய் இருக்கா?

ஜமைக்காவில் நடந்த ஓர் ஆய்வில், வேகவைத்த கிழங்கின் கிளைசெமிக் இண்டெக்ஸ் (ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகம்) 41 முதல் 50 வரை இருந்தது. அதே கிழங்கைச் சுட்டபோது 79 முதல் 93 வரை எகிறியது. பக்குவம் மாறினால் கதையே மாறுகிறது! நைஸாக அரைத்த மாவு, முழுக் கிழங்குத் துண்டைவிட சீக்கிரம் செரிக்கும். தண்ணீர் வற்றிவிடுவதால் 100 கிராம் மாவில் சுமார் 350 கலோரி. பச்சைக் கிழங்கில் 86 தான். எனவே இவர்களுக்கு மாவுக் கஞ்சியைவிட, அளவாக வேகவைத்த கிழங்கே மேல். டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்க.

வீட்டில் செய்யும் முறை

* அடிபட்டது, பூசணம் பிடித்தது, கூன்வண்டு துளைத்தது, கசப்பது... எதுவும் வேண்டாம். இவற்றில் உண்டாகும் நச்சு, வேகவைத்தாலும் போகாது.

* நன்றாகக் கழுவி, தோலை மெலிதாகச் சீவி, வறுவலுக்குச் சீவுவதுபோல் மெல்லிய வில்லைகளாக நறுக்குங்க. ஊறப்போட வேண்டாம்.

* இட்லிப் பானையில் 4, 5 நிமிடம் ஆவியில் வையுங்க.

* சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி மூடி, நல்ல காற்றோட்டமான இடத்தில் காயவையுங்க. ஒடித்தால் ‘படக்’கென்று ஒடிய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூசணம் பிடிக்கும்.

* மொத்தத்தையும் அரைக்காதீங்க. அரைத்தால் காற்றுப் படும் பரப்பு கூடும். வத்தலாகவே வைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்க.

* வெளிச்சம் புகாத, இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்க. ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

கடையில் வாங்கும்போது

விலைக்கு முன்னால் தயாரித்த தேதியைப் பாருங்க. ‘ஒரு வருடம் வரை பயன்படுத்தலாம்’ என்றால் அதுவரை கெடாது என்றுதான் அர்த்தம். சத்து குறையாது என்று அல்ல! வெயில் படும்படி தொங்கும் கண்ணாடி பாக்கெட் வேண்டாம். சேர்மானப் பட்டியலில் 220 முதல் 228 வரையிலான எண் இருந்தால் சல்ஃபைட் சேர்த்திருக்கிறார்கள். குழந்தைக் கஞ்சிக்கு அதைத் தவிர்த்துவிடுங்க. சின்ன பாக்கெட்டாக வாங்குங்க.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு இந்த மாவை மட்டும் நம்பிக் கஞ்சி காய்ச்சினால் புரதம் போதாது. வறுத்து அரைத்த பயத்தம்பருப்பு சேர்த்து நன்றாக வேகவிடுங்க. கிழங்கு மலிவாகக் கிடைக்கும் காலத்தில் மாவு எதற்கு? ஆவியில் வேகவைத்து மசித்து, சொட்டு நெய் விட்டு ஊட்டுங்க. மாவெல்லாம் கிழங்கு கிடைக்காத காலத்துக்குத்தான்!