கொழும்புத் துறைமுகத்தில் தோளும் இயந்திரமும்

இயந்திரத்தைக் கண்ட மாத்திரத்தே தொழிலாளர் வெகுள்வர் என்பது கற்றோர் பலரின் துணிபு. கொழும்புத் துறைமுகத்தின் வரலாறோ அதற்கு முற்றும் இடந்தருவதாயில்லை.

1885இல் தென்மேற்கு அலைதாங்கி முற்றுப்பெற்ற பின்னரும் கப்பல்கள் நீர்நடுவே நங்கூரமிட்டே நின்றன. சரக்குத் தோணிகளில் இறங்கிக் கரைசேர்ந்தது. அரிசி மூடையும் நிலக்கரியும் மனிதர் தோளேறின. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைத் தெருக்கள் அத்தோள்களை அறியும். 1927இல் கூலி உயர்வு வேண்டி, ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் ஏறத்தாழ 13,000 பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அன்று அவர்தம் வலிமை எண்ணிக்கையே. தோள் ஓய்ந்தாற் கப்பலும் ஓயும்.

1954இல் எலிசபெத் இராணி இறங்குதுறை திறக்கப்படவே கப்பல் கரையை அணைந்தது; தோணிக்கு வேலை குன்றிற்று. 1958இல் சரக்கேற்றிறக்கல் அரசுக் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. பின்னர் வந்த கொள்கலனே பெருமாற்றம் விளைத்தது. மூடை மூடையாய்ப் பலர் சுமந்ததனைப் பாரந்தூக்கியொன்று பெட்டியோடு ஒருங்கே எடுத்தது. எண்ணிக்கையால் வந்த வலிமை அங்கே தளர்ந்தது.

எனினும், 2020 ஜூலையில் தொழிலாளர் கிளர்ந்தது பாரந்தூக்கியை விலக்குதற்கன்று. சீனாவிலிருந்து வந்த மூன்று பாரந்தூக்கிகளைக் கிழக்கு முனையத்தில் நிறுவுமாறு வேண்டியே! இயந்திரம் யாருடையது என்பதே அவர்தம் வினா. அம்முனையத்தை இந்திய, ஜப்பானியக் கூட்டுடன் நடத்தும் உடன்பாட்டை அரசு 2021 பெப்ரவரியிற் கைவிட்டது. அவ்வாண்டே மேற்கு முனையம் அதானி நிறுவனத்தின் கூட்டுக்கு அளிக்கப்பட்டது. தன்னியக்க முறையில் அமைந்த அம்முனையம் 2025 ஏப்ரலில் தொழிற்படத் தொடங்கிற்று. அதிற் துறைமுக அதிகாரசபையின் பங்கு நூற்றுக்கு 15.