எத்தனை வாட் வேண்டும்?

1978இல் ‘நாட்’ நிறுவனம் 3020 என்ற ஆம்ப்ளிஃபையரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் நார்வே நாட்டுப் பொறியாளர் எரிக் எட்வர்ட்சன். அறிவிக்கப்பட்ட திறன், சேனலுக்கு 20 வாட்தான். ஆனாலும் வீட்டு ஸ்டீரியோ வரலாற்றில் மிக அதிகமாக விற்றவற்றுள் ஒன்றாக அது ஆனது. இன்றும் பழுது நீக்கி வைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 20 வாட் எப்படிப் போதுமானது? இதற்கு விடை தெரிந்தால், வீட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் தேர்ந்தெடுக்கும் வழியும் தெரிந்துவிடும்.

3020 போன்ற இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர் ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சிடி, டிவி, ரெக்கார்டு பிளேயர் ஆகியவற்றில் எதைக் கேட்பது, எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்பதை முன்பகுதி கவனிக்கிறது. அங்கிருந்து வரும் சிறிய மின்குறிப்பை ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்கு வலுவாக்குவது பின்பகுதி. வாட் என்று நாம் பேசுவதெல்லாம் இந்தப் பின்பகுதியின் திறனைத்தான்.

காதின் கணக்கு

மின்திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். சத்தம் இரு மடங்காகிவிட்டது என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு மின்திறன் 10 மடங்காக வேண்டும். ஆகவே 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் விலை ஏறும் அளவுக்குச் சத்தம் ஏறாது.

ஸ்பீக்கரின் உணர்திறன்தான் கணக்கைப் பெரிதும் மாற்றுகிறது. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே உணர்திறன். 84 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் 6 டெசிபல், அதாவது மின்திறனில் 4 மடங்கு. முதல் ஸ்பீக்கருக்கு 80 வாட் தேவைப்படும் இடத்தில் இரண்டாவதற்கு 20 வாட் போதும். எனவே ஸ்பீக்கரையும் அறையின் அளவையும் முடிவுசெய்த பிறகே ஆம்ப்ளிஃபையரைத் தேட வேண்டும்.

சராசரி வீட்டுக் கூடத்தில் நிதானமான சத்தத்தில் பாட்டுக் கேட்கும்போது, பெரும்பாலான நேரம் செலவாவது 1 வாட்டுக்கும் குறைவே. ஆனால் மிருதங்கத்தில் ஒரு வலுவான அடி விழுந்தால், அந்தக் கணத்தின் ஒலி சராசரியைவிட 15 டெசிபல் மேலே தாவக்கூடும். அதற்கு 30 மடங்கு மின்திறன் வேண்டும். மீதி வாட்டெல்லாம் இந்தத் தாவலுக்கான இருப்பு.

உச்சி வெட்டுப்படும்போது

இருப்பு தீர்ந்தால் என்ன ஆகும்? ஆம்ப்ளிஃபையரின் மின்வழங்கி தரும் வோல்டேஜுக்கு மேல் அலை எழ முடியாது. வட்டமாக இருக்க வேண்டிய உச்சி தட்டையாக வெட்டுப்படுகிறது. ‘கிளிப்பிங்’ என்பது இதுதான். மூல இசையில் இல்லாத உயர் அதிர்வெண்கள் அப்போது பிறக்கின்றன, ஒலி கரகரக்கிறது. அந்தக் கூடுதல் ஆற்றல் உயர் சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருளைச் சூடாக்கிக் கருக்கவும் செய்யும். சிறிய ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகி வைத்தும் ஸ்பீக்கரைக் கெடுக்க முடியும். 3020இல் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன: கண நேர உச்சத்தில் அறிவித்த திறனைப் போல் இரு மடங்கு வரை தரும் மின்வழங்கி, உச்சியைச் சட்டென்று வெட்டாமல் மென்மையாக மழுக்கும் ‘சாஃப்ட் கிளிப்பிங்’.

அடுத்தது ஸ்பீக்கரின் மின்தடையைக் குறிக்கும் ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தர 20 வோல்ட் வேண்டும். அப்போது உச்சத்தில் ஓடும் மின்னோட்டம் சுமார் 3.5 ஆம்பியர். அதே வோல்டேஜில் 4 ஓம் ஸ்பீக்கர் 7 ஆம்பியர் கேட்கும். இதைத் தளராமல் தரப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் தாராளமான கெப்பாசிட்டர்களும் தேவை. 8 ஓமில் எத்தனை வாட், 4 ஓமில் எத்தனை வாட் என்று இரண்டையும் பாருங்கள். 4 ஓமில் வாட் நன்றாகக் கூடினால் மின்வழங்கி திடமானது என்று பொருள். ‘பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்டை நம்ப வேண்டாம். அதை அளக்கப் பொதுவான விதிமுறை கிடையாது. தொடர்ச்சியாக, இரண்டு சேனலும் ஒருசேர ஓடும்போது, இவ்வளவு திரிபுக்குள் இத்தனை வாட் என்று எழுதியிருப்பதே நேர்மையான அளவு.

டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர்களைப் பழைய ரசிகர்கள் சிலர் ஒதுக்குவதுண்டு. டிரான்சிஸ்டர்களை நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி இயங்கும் இவை, சூட்டில் வீணாக்கும் மின்சாரம் மிகக் குறைவு. நன்றாக வடிவமைத்தவை இன்று எந்த வகைக்கும் சளைத்தவை அல்ல.

வீட்டுக்கு வந்த பின்

ரெக்கார்டு பிளேயர் உள்ளவர்கள் ‘ஃபோனோ’ இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சிடி பிளேயர் தருவது சுமார் 2 வோல்ட். ரெக்கார்டு பிளேயரின் முள்ளைத் தாங்கும் சாதாரண மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டும். தவிர, இசைத்தட்டில் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். அதைத் திருப்பிச் சமன்செய்வதும் ஃபோனோ பகுதியின் வேலை. சிடி பிளேயரை அதில் செருகக் கூடாது.

ஸ்பீக்கர் ஒயரைப் பூட்டும்முன் மின்சாரத்தை அணையுங்கள். பிளஸ், மைனஸ் இழைகள் ஒன்றையொன்று தொட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடலாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றிப் பூட்டினால் பேஸ் மெலிந்துவிடும். பெட்டியின் மேல் துணி, புத்தகம் எதுவும் வேண்டாம். சூடு வெளியேற வழி வேண்டும்.

கடையில் சோதிக்கும்போது சத்தத்தைக் கூட்டிக் காட்டச் சொல்லாதீர்கள், குறைக்கச் சொல்லுங்கள். குறைந்த சத்தத்தில் இடமும் வலமும் சமமாக ஒலிக்கின்றனவா? பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டர் அருகே காதை வைத்தால் இரைச்சல் கேட்கிறதா? நம் இசை நேரத்தில் பெரும்பகுதி முதல் ஒரு வாட்டுக்குள்தான் கழியப்போகிறது. அது சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்ற வாட்களை எண்ணுங்கள்.