உப்பை வெளியேற்றும் மாத்திரை

உங்கள் தாத்தாவோ பாட்டியோ இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் ‘ஹைட்ரோகுளோரோதயசைடு’ என்ற நீண்ட பெயர் இருக்கும்.

இதன் ஒரு மூலக்கூறில் கார்பன் 7, ஹைட்ரஜன் 8, குளோரின் 1, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 4, கந்தகம் 2 அணுக்கள் உள்ளன. அணு எடைகளைக் கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 298 வரும். இது வெண்ணிறப் படிகத் தூள். நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆனால் வலுக்குறைந்த அமிலமாதலால், சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் எளிதில் கரைந்துவிடும்.

இதன் முன்னோடி ‘சல்ஃபனிலமைடு’ என்னும் கிருமிக்கொல்லி மருந்து. அது சிறுநீரில் சோடியத்தை மிகுதியாக வெளியேற்றுவதை மருத்துவர்கள் கவனித்தனர். அவ்வழியே ஆராய்ந்த அமெரிக்க அறிவியலார் பேயர், ஸ்ப்ரேக், பேர், நொவெல்லோ ஆகியோர் 1950களில் குளோரோதயசைடை உருவாக்கினர். இதற்காக 1975இல் லாஸ்கர் விருது பெற்றனர்.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பிட்டால் நீர் விடுகிறதல்லவா? உப்பு இருக்கும் பக்கம் நீர் செல்லும். இதுவே சவ்வூடு பரவல். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் 99 விழுக்காட்டை இரத்தத்திற்கே திருப்பி அனுப்புகின்றன. சிறுநீரக நுண்குழலின் ஒரு பகுதியில், ஒரு புரதம் சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்து மீட்கிறது. மருந்து அப்புரதத்தைத் தடுக்கிறது. உப்பு குழலிலேயே தங்க, நீரும் உடன் தங்கிச் சிறுநீராகிறது. இரத்த அழுத்தம் தணிகிறது.

நன்மை செய்யும் இதே வேலை, அளவு மீறினால் தீங்காகும். சோடியமும் பொட்டாசியமும் குறைந்தால் களைப்பு, தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல் தோன்றும். முதியோருக்கு மனக்குழப்பமும் வரலாம். இரத்தத்தில் யூரிக் அமிலமும் சர்க்கரையும் கூடலாம். சிலருக்கு வெயில் பட்ட தோல் சிவந்துவிடும்.

சித்திரை மாதத்தில் சீயமங்கலம், செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகள் அனலாய்க் காயும். மணிலாக் கொல்லையில் வேலை செய்யும் பாட்டிக்கு வியர்வையிலும் உப்பு போகிறது, மாத்திரையாலும் போகிறது. அத்துடன் வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால் ஆபத்து. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

‘தலை சுற்றுகிறது’ என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. அழுத்தம் மீண்டும் ஏறி மூளையையும் இதயத்தையும் தாக்கக்கூடும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவுகளைச் சோதிக்கச் சொல்லி, வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவூட்டுவது உங்கள் வேலை!