சிகுர் ரோஸ் இசை பெருவெளியாக ஒலிப்பது எப்படி?

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் 1994இல் தோன்றிய சிகுர் ரோஸ், போஸ்ட்-ராக் இசைக்குழுக்களில் தனித்த ஒலி கொண்டது. அதன் பாடகர் யோன்சி, மின்கிதாரை செல்லோ வில்லால் வாசிக்கிறார்.

கிதார் தந்தியை விரலால் மீட்டினால், ஆற்றல் ஒரே ஒரு முறைதான் கிடைக்கிறது; ஒலி பளிச்சென எழுந்து, உடனே தேயத் தொடங்குகிறது. வில்லோ, பிசின் பூசிய இழைகளால் தந்தியைப் பற்றி இழுத்து, நழுவவிட்டு, மீண்டும் பற்றுகிறது. நொடிக்குப் பல நூறு முறை இது நிகழ்வதால் ஆற்றல் இடைவிடாமல் சேர்கிறது. ஒலியும் நீண்டு நிற்கிறது. ஒரு கருவியை அடையாளம் காணச் செவி பெரிதும் நம்புவது ஒலியின் தொடக்கக் கணத்தை. அந்தக் கூர்மை மறையும்போது கிதார் என்றே தோன்றுவதில்லை.

அடுத்தது எதிர்முழக்கம். பெரிய மண்டபத்தில் நேரடி ஒலியைத் தொடர்ந்து, சுவர்களில் பட்டுத் திரும்பும் எண்ணற்ற ஒலிகள் வந்து சேரும். நேரடி ஒலி குறைந்து எதிரொலிகள் மிகுந்தால், ஒலி தொலைவிலிருந்து வருவதாக மூளை கணிக்கிறது. மின்னணுக் கருவிகள் இதே விளைவைச் செயற்கையாக உண்டாக்குகின்றன.

மூன்றாவது, குரல். 2002இல் வெளியான, பெயருக்குப் பதில் அடைப்புக்குறிகளை மட்டுமே கொண்ட இசைத்தொகுப்பு முழுவதிலும் யோன்சி பொருளற்ற அசைகளையே பாடுகிறார். பின்தொடரச் சொற்பொருள் இல்லாததால், கவனம் குரலின் நிறத்திலும் ஏற்ற இறக்கத்திலும் நிலைக்கிறது. குரலும் மற்றொரு கருவியாகிறது.

இவற்றோடு மெதுவான தாளமும், நிமிடக் கணக்கில் படிப்படியாக உயரும் ஒலியளவும் இணைந்தே அந்த விரிந்த ஒலிச்சூழலை உருவாக்குகின்றன.